கருத்தரிப்புச் சிகிச்சையும் அறிந்து தரும் ஒப்புதலும்

மகப்பேறின்மைக்குச் சிகிச்சை நாடுவோர் ஏனைய நோயாளிகளினின்று ஒரு வகையில் வேறுபட்டவர்கள். அவர்களுள் பெரும்பாலோரின் உயிருக்கு உடனடி ஆபத்து ஏதும் இல்லை. ஆயினும் உடல் வருத்தம், பெருஞ்செலவு, உற்றார் உறவினரின் சொல் ஆகிய மூன்றும் அவர்களை ஒருங்கே அழுத்துகின்றன. சிகிச்சை பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் நீள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதேனும் ஒரு படிவத்தில் கையொப்பம் இட வேண்டியிருக்கிறது. அந்தக் கையொப்பத்தின் பொருள் என்ன? அதை இடும் முன் எவற்றை அறிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தில்லியில் எழுந்த வழக்கு

1995ஆம் ஆண்டு மே மாதம் தில்லியில் 44 வயதுடைய, மணமாகாத பெண் ஒருவர் நீடித்த மாதவிடாய்ப் போக்கிற்காக மருத்துவரை அணுகினார். காரணத்தைக் கண்டறிய லேப்ராஸ்கோபி சோதனை செய்வதென முடிவாயிற்று. அதற்கு ஒப்புதல் தந்து படிவத்தில் அவர் கையொப்பமிட்டார். அவர் மயக்க நிலையில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயாரிடம் ஒப்புதல் பெற்று, அவருடைய கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. தாயாகும் வாய்ப்பை இழந்துவிட்டதாக அப்பெண் முறையிட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2003இல் அம்முறையீட்டைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்தது. சமீரா கோலி வழக்கு என்று சட்ட மாணவர்கள் அறிவது இதுவே.

இத்தீர்ப்பு வகுத்த நெறிகள் மூன்று. முதலாவது, சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது. இரண்டாவது, வயது வந்து, சுய நினைவுடன் முடிவு செய்யக்கூடிய ஒருவருக்காக வேறொருவர் ஒப்புதல் தர இயலாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே விதிவிலக்கு. மூன்றாவது, ஒப்புதல் செல்லத்தக்கதாக வேண்டுமெனில் சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க அபாயங்கள், சிகிச்சையை மறுத்தால் நேரும் விளைவு ஆகியவை நோயாளிக்கு முன்னரே கூறப்பட்டிருக்க வேண்டும். மிக அரிதாக நேரும் அபாயங்கள் அனைத்தையும் விவரிக்க வேண்டியதில்லை என்றும் நீதிமன்றம் கூறியது.

மருத்துவர் நல்லெண்ணத்துடன் செயற்பட்டிருந்தாலும் அனுமதியற்ற அறுவை அனுமதியற்றதே என்பது இதன் சாரம். அறுவைக்கான கட்டணம் மறுக்கப்பட்டதோடு 25,000 ரூபாய் இழப்பீடும் விதிக்கப்பட்டது. இழந்ததை நோக்க இத்தொகை சிறிது. ஆயினும் நாடு முழுவதற்கும் பொருந்தும் நெறி ஒன்று இதனால் கிடைத்தது.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவருடைய சாதனை அன்று ஏற்கப்படவில்லை. 1986 ஆகஸ்ட் 6 அன்று பம்பாயில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா, டாக்டர் டி. சி. ஆனந்த குமார் ஆகியோரின் குழு வெற்றி கண்டது. அதன்பின் இத்தொழில்நுட்பம் நகரந்தோறும் பரவிற்று. ஆனால் இதற்கெனத் தனிச் சட்டம் வர மேலும் 35 ஆண்டுகள் ஆயின.

2021ஆம் ஆண்டின் சட்டம்

இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி மருத்துவமனைகள் பதிவு பெற்றே இச்சிகிச்சையை அளிக்க வேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணின் வயது 21க்கும் 50க்கும் இடையிலும், ஆணின் வயது 21க்கும் 55க்கும் இடையிலும் இருத்தல் வேண்டும். கருமுட்டை தானம் செய்யும் பெண்ணின் வயது 23 முதல் 35 வரை. அவர் வாழ்நாளில் ஒரு முறையே தானம் செய்யலாம்.

நோயாளியின் நோக்கில் முக்கியமானவை வேறு சில விதிகள். வெற்றி வாய்ப்பு, நன்மை தீமைகள், செலவு, பக்க விளைவுகள், ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் உண்டாகும் அபாயம் ஆகியவற்றை மருத்துவமனை விளக்கியாக வேண்டும். எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும். கரு கருப்பையில் வைக்கப்படும் முன்னர் எந்நேரத்திலும் தம்பதியர் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். குறைகளைக் கேட்க மருத்துவமனையிலேயே ஒரு பிரிவு இருக்க வேண்டும். ஆகவே, கேள்வி கேட்கும் நோயாளி மருத்துவரின் பெருந்தன்மையை வேண்டி நிற்பவர் அல்லர். சட்டம் தந்ததைக் கேட்பவரே ஆவார்.

கேட்க வேண்டிய வினாக்கள்

முதல் வினா, காரணம் பற்றியது. ஓராண்டுக் காலம் தடுப்பு முறை எதுவுமின்றி முயன்றும் கருத்தரியாமையே மகப்பேறின்மை எனப்படும். பெண்ணின் வயது 35ஐத் தாண்டியிருப்பின் ஆறு மாதங்களிலேயே பரிசோதனை தொடங்குவது நலம். இருவரும் பரிசோதிக்கப்பட்டனரா என்று கேட்க வேண்டும். விந்துப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது, வலியற்றது. அது செய்யப்படாமலே பெண் பல சோதனைகளுக்கும் ஊசிகளுக்கும் உட்படுவது நம் நாட்டில் இன்னும் நிகழ்கிறது. நம் நாட்டில் கருக்குழாய் அடைப்பிற்குக் காசநோயும் ஒரு காரணமாதலால் அதனையும் விசாரித்தல் நன்று.

இரண்டாவது வினா, எளிய வழி உண்டா என்பது. முட்டை வெளிப்பாட்டைத் தூண்டும் மாத்திரை, கருப்பையினுள் விந்தைச் செலுத்துதல் ஆகியவை சிலருக்குப் போதுமானவை. எடுத்த எடுப்பிலேயே ஆய்வுக்கூடக் கருத்தரிப்பு பரிந்துரைக்கப்படின் அதன் காரணத்தைக் கேட்கலாம்.

மூன்றாவது வினா, வெற்றி விகிதம் பற்றியது. இங்கே பலர் ஏமாறுகின்றனர். விளக்கத்திற்காக ஒரு கணக்கைக் கொள்வோம். ஒரு மையத்தில் 100 பெண்கள் ஊசி மருந்தைத் தொடங்குகின்றனர். அவர்களுள் 70 பேருக்கே கரு வைக்கும் நிலை வருகிறது. 35 பேருக்குக் கர்ப்பச் சோதனை சாதகமாகிறது. சில கர்ப்பங்கள் கலைந்து, 25 பேர் குழந்தை பெறுகின்றனர். கரு வைக்கப்பட்டோரையும் சோதனை முடிவையும் கொண்டால் வெற்றி நூற்றுக்கு 50. தொடங்கியவர்களையும் பிறந்த குழந்தைகளையும் கொண்டால் 25 தான். இரண்டும் பொய்யல்ல, ஆயினும் நோயாளி அறிய வேண்டியது இரண்டாவதே. அதிலும் தம் வயதில் உள்ள பெண்களுக்கான எண்ணைக் கேட்க வேண்டும். முட்டையின் தரம் வயதுடன் குறைவதால் பொதுச் சராசரி பயன் தராது.

நான்காவது வினா, அபாயம் பற்றியது. முட்டை வளர்ச்சிக்கான ஊசிகளால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோப்பது உண்டு. கடும் வயிற்று வலி, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றின் இரவிலும் யாரை அழைப்பது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இரட்டைக் குழந்தைகள் ஒரே செலவில் கிடைக்கும் பேறு என்று கருதுவோர் உளர். ஆனால் இரட்டைக் கர்ப்பத்தில் குறைப்பிரசவமும் தாய்க்கு இரத்த அழுத்தமும் மிகுதி. ஆகவே எத்தனை கருக்கள் வைக்கப்படும் என்று கேட்டல் இன்றியமையாதது.

ஐந்தாவது வினா, கூடுதல் சோதனைகள் பற்றியது. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து விற்கப்படும் பல முறைகளுக்கு உறுதியான சான்று இல்லை. பிரிட்டனில் இத்துறையை மேற்பார்க்கும் அரசு ஆணையம் இவற்றைச் சான்றின் அடிப்படையில் தரப்படுத்தி வெளியிடுகிறது. ‘இதனால் என் போன்றோருக்குக் குழந்தை பிறப்பது கூடுகிறது என்பதற்குச் சான்று உண்டா?’ என்று கேட்பதில் தவறில்லை.

உறைநிலையில் வைக்கப்படுபவை

மீதமுள்ள கருக்களைப் பத்தாண்டுகள் வரை உறைநிலையில் பாதுகாக்கச் சட்டம் இடந்தருகிறது. ஆண்டுக் கட்டணம் யாது, தம்பதியர் பிரிந்தாலோ ஒருவர் இறந்தாலோ என் செய்வது என்பன படிவத்தில் தெளிவாதல் வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் விந்தைச் சேமித்து 2020இல் இறந்த ஓர் இளைஞரின் பெற்றோர் அதனைக் கேட்டு வழக்காட நேர்ந்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2024 அக்டோபர் 4 அன்று அதனை அவர்களிடம் ஒப்படைக்கப் பணித்தது. சேமித்தவரின் ஒப்புதலை மெய்ப்பிக்க முடிந்தால் சட்டத்தில் தடையில்லை என்று நீதிமன்றம் கண்டது. முன்கூட்டி எழுதும் ஒரு வரி பின்னால் பல ஆண்டு வழக்கைத் தவிர்க்கக்கூடும்.

செய்ய வேண்டியவை

மருத்துவமனைக்குச் செல்லும்போது வினாக்களைத் தாளில் எழுதிச் செல்லலாம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். படிவத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்று படித்துவிட்டுக் கையொப்பமிட அவகாசம் கேட்கலாம். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதி. கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995லேயே உறுதி செய்துவிட்டது.

அதிகாரிகளின் கடமையும் சிறிதன்று. தலைநகர் மருத்துவமனைகளுக்குப் பல மாநிலத்தவர் வருகின்றனர். ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட படிவம், அதனைப் படிக்க இயலாத பெண்ணிடம் ஒப்புதல் பெற்றதாகாது. அவரவர் மொழியில் படிவம், விளக்கிச் சொல்ல ஆலோசகர், வாசலிலேயே தெரியும் பதிவுச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் முதலில் கவனித்தல் வேண்டும். சட்டம் ஏட்டில் இருப்பதும் நோயாளிக்குப் பயன்படுவதும் வேறு வேறு. இரண்டையும் இணைப்பது நோயாளி கேட்கும் கேள்வியும், அதற்குப் பொறுமையுடன் தரப்படும் விடையுமே ஆகும்.