கூரையில் இறங்கும் ஆறு குடம்

கொல்லிமலை தேவனூர் நாட்டில் நல்ல மழை பெய்தாலும் சரிவில் தண்ணீர் தங்காது. ஓடோ தகரமோ, கூரை விளிம்பில் பிளந்த பிவிசி குழாயைக் கட்டி டிரம்மில் விடுங்கள். பத்துக்குப் பத்தடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர், அதாவது ஆறு குடம்! தொடக்க மழையை மட்டும் தரையில் விட்டுவிடுங்கள். தூசி, சருகு, குருவி எச்சம் எல்லாம் அதில்தான் வரும். டிரம் வாயில் பழைய வேட்டியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டினால் குப்பையும் விழாது, கொசுவும் முட்டையிடாது. துணி துவைக்க, மாட்டுக்கு வைக்க இந்தத் தண்ணீர் போதும்; குடிப்பதென்றால் கொதிக்க வைத்தே ஆகவேண்டும்.

வீட்டுக்குள்ளும் தண்ணீரை வீணாக்காதீர்கள். சாமை அரிசி களைந்த தண்ணீர் மாட்டின் கழுநீர்த் தொட்டிக்கு. ஒழுகும் குழாயடியில் இரவு ஒரு சொம்பை வைத்துப் பாருங்கள். காலையில் நிரம்பியிருந்தால் அன்றே வாஷரை மாற்றிவிடுங்கள்.