ஆரம்பப் பாடசாலையில் புத்தகசாலை

கிராமத்து ஆரம்பப் பாடசாலையில் சேரும் பிள்ளைகள் எழுத்துக்களைக் கற்றுக்கொள்ளுகிறார்கள் என்பதில் ஐயமில்லை. கற்ற எழுத்து அவர்களிடத்தில் நிலைத்து நிற்கிறதா என்பதே கேள்வி. 1929-ம் வருஷத்தில் ஸர் பிலிப் ஹார்ட்டாக் தலைமையில் கூடிய கமிட்டியார் தங்கள் அறிக்கையில் இதைப்பற்றி ஒரு கணக்குக் கொடுத்தனர். பிரிட்டிஷ் இந்தியாவில் 1922-23-ல் முதல் வகுப்பில் 100 பிள்ளைகள் இருந்தால், 1925-26-ல் நாலாம் வகுப்பை எட்டியவர் 18 பேர் மாத்திரமே. மற்றவர்களில் பலர் இடையில் நின்றுவிட்டனர். சிலர் ஒரே வகுப்பில் தங்கிவிட்டனர். இடையில் நின்ற பிள்ளை, வீட்டில் படிப்பதற்கு அச்சடித்த தாள் ஒன்றுமின்றி, கற்ற சொற்ப எழுத்தையும் சில வருஷங்களில் மறந்து போயிற்று. அரசாங்கமும் பெற்றோரும் செய்த செலவு வீணாயிற்று.

இக்காலத்தில் பிள்ளைகள் அந்த அளவில் பள்ளியை விட்டு நிற்பதில்லை. ஆயினும், பள்ளியில் இருந்துகொண்டே எழுத்தை இழக்கும் பிள்ளை இன்னும் உண்டு. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பாடப்புத்தகத்தில் பழகிய பக்கத்தைப் படிக்கச் சொன்னால் மளமளவென்று ஒப்பிக்கிறான். அவன் முன் கண்டிராத நாலு வரியைக் காட்டினால் முதற் சொல்லிலேயே நின்றுவிடுகிறான். அவன் கண்ணால் படிக்கவில்லை. காதால் கேட்டதைத் திருப்பிச் சொல்லுகிறான். பாடப்புத்தகம் ஒன்றே, அது வருஷம் முழுவதும் ஒன்றே. மனப்பாடமாகிவிட்ட பக்கத்தில் வாசிப்புக்கு வேலை இல்லை. முன் பார்த்திராததும், பார்க்க வேண்டுமென்று ஆசை உண்டாக்குவதுமான அச்சு அப்பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும். ஆரம்பப் பாடசாலையில் புத்தகசாலை வைப்பதன் காரணம் இதுவே. அது பாடங்களுக்குப்பின் கொடுக்கும் வேடிக்கையன்று.

அலமாரியும் சாவியும்

புத்தகம் இல்லை என்று சொல்லுவதற்கில்லை. 1987-ம் வருஷத்தில் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின்படி ஆரம்பப் பாடசாலைகளுக்குப் புத்தகங்களும் வழங்கப்பட்டன. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் பத்திரிகைகளும், கதைப்புத்தகங்கள் உள்ளிட்ட பல நூல்களும் கொண்ட புத்தகசாலை இருக்கவேண்டுமென்று விதிக்கிறது. எனினும் அநேக இடங்களில் அப்புத்தகங்கள் இரும்பு அலமாரியில் இருக்கும். சாவி தலைமை உபாத்தியாயரின் மேஜையில் இருக்கும். தணிக்கை வரும்போது இரண்டும் சந்திக்கும்.

இதற்கு உபாத்தியாயரைக் குறை கூறுவது எளிது, நியாயமன்று. இருப்புப் பதிவேட்டில் கண்ட ஒவ்வொரு புத்தகத்துக்கும் அவரே பொறுப்பாளி. மாறுதலாகிச் செல்லும்போது எண்ணி ஒப்படைக்கவேண்டியவரும் அவரே. பிள்ளையின் கையில் கொடுத்தால் கிழியும், தொலையும். பூட்டி வைத்தால் கணக்குச் சரியாக இருக்கும். இப்படியிருக்கையில் எவர்தாம் பூட்டமாட்டார்? ஆகையால் திருத்தவேண்டியது உபாத்தியாயரின் மனத்தையல்ல, கணக்கு முறையை. பள்ளி மேலாண்மைக் குழு வருஷத்துக்கு ஒரு முறை கூடிப் பதிவேட்டையும் புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கைபட்டுத் தேய்ந்தவை இவை, தொலைந்தவை இவை என்று தீர்மானம் எழுதி, விதிப்படி அதிகாரிகளின் ஒப்புதலைப் பெற்று அவற்றைக் கழித்துவிட்டால், அவருடைய பயத்தில் பெரும்பகுதி நீங்கும். பூட்டிய அலமாரியிலும் புத்தகம் அழியாமலில்லை. கரையானும் இராமபாணப் பூச்சியும் சாவிக்குக் காத்திருப்பதில்லை. கரையான் தின்ற புத்தகத்தைப் படித்தவர் ஒருவருமில்லை. பிள்ளைகள் கிழித்த புத்தகத்தையோ பத்துப்பேராவது படித்திருப்பார்கள்.

பூட்டை எடுப்பது புதிய யோசனையன்று. கணித ஆசிரியராயிருந்து 1924-ல் சென்னைச் சர்வகலாசாலைப் புத்தகசாலைக்குத் தலைவரான சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலில், புத்தகசாலைக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் முதலாவது, நூல்கள் இருப்பது உபயோகத்துக்கே என்னும் கருத்துடையது. அதே வருஷத்தில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டு வண்டியில் புத்தகங்கள் சென்றன. வாசகர் வராத இடத்துக்கு நூல் செல்லவேண்டுமென்று அவ்வண்டி காட்டிற்று. ஆரம்பப் பாடசாலையில் அவ்வளவு தூரமும் போகவேண்டியதில்லை. அலமாரியிலிருந்து வகுப்பறைச் சுவர்வரை பத்தடி போனாற் போதும்.

கொடியில் தொங்கும் புத்தகங்கள்

துணி உலர்த்தும் கொடிபோல் ஒரு கயிற்றை, முதல் வகுப்புப் பிள்ளையின் மார்பளவு உயரத்தில், சுவரோரமாகக் கட்டவேண்டும். மெல்லிய புத்தகங்களை நடுவில் விரித்து அதன்மேல் தொங்கவிட்டால் அட்டைப்படம் வெளியே தெரியும். அலமாரியில் முதுகு மாத்திரம் தெரியும்படி அடுக்கிய புத்தகம், படிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரு செய்தியும் சொல்லாது, படமோ அழைக்கும். ஒரே சமயத்தில் 200 புத்தகங்களையும் வெளியே வைப்பதில் பயனில்லை. முப்பது அல்லது நாற்பது போதும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாதியை மாற்றினால் கொடியைப் பார்க்கப் பிள்ளைகள் தாமே வருவார்கள்.

எப்புத்தகத்தைத் தொங்கவிடுவது என்பதில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வகுத்தார்கள். அந்த வகுப்பு நல்லதே. ஆனால், ஐந்தாம் வகுப்புப் பையனை எல்லோர் முன்னிலையிலும் முதற்படிப் புத்தகத்தை எடுக்கச் சொன்னால் அவன் வெட்கத்தால் கொடியின் பக்கமே வரமாட்டான். அவனிடம், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை படித்துச் சொல்லும் வேலையைக் கொடுக்கவேண்டும். அப்போது சிறு புத்தகம் அவனுக்கு அவமானமன்று, உத்தியோகம். நாளைக்குப் படிக்கவேண்டிய கதையை இன்று மாலையில் இரண்டு மூன்று தடவை தனியாக உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பான். அந்த ஒத்திகைதான் அவனுக்கு வேண்டிய அப்பியாசம்.

உபாத்தியாயரின் குரல்

தமிழ்ப் பிள்ளைக்கு வாசிப்பில் இரண்டு இடையூறுகள் உண்டு. ஒன்று எழுத்தைச் சேர்ந்தது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 என்று சொல்லிப் பயமுறுத்துவது வழக்கம். உண்மையில் அடிப்படை வடிவங்கள் அறிந்த பிள்ளைக்கு மற்றவை சேர்க்கையே. 'கொ' என்பதில் ஒலி பின்னால் வர, குறியின் ஒரு பாதி முன்னால் நிற்பது போன்ற இடங்களில்தான் கண் தடுமாறும். அவை பழகப் பழகத் தீர்ந்துபோம்.

இரண்டாவது இடையூறு பெரிது. அதைப்பற்றிப் பேசுவோர் குறைவு. பிள்ளை வீட்டில் பேசுந் தமிழ் வேறு, புத்தகத்தில் உள்ள தமிழ் வேறு. அதன் வாயில் 'மாடு வந்துச்சு'; புத்தகத்தில் 'மாடு வந்தது'. அதன் வாயில் 'அங்க இருக்காங்க'. புத்தகத்தில் 'அங்கே இருக்கிறார்கள்'. எழுத்துக் கூட்டி முடித்தபின்னும் அந்தச் சொல் அதற்குத் தெரிந்த சொல்லாக வந்து நிற்பதில்லை. ஆகவே கூட்டிய பயன் கிட்டுவதில்லை. நூல் நடையைக் காது முதலில் அறியவேண்டும். அறிந்தால், கண் பாதிச் சொல்லைக் காணும்போதே மீதிப்பாதி நாவில் வந்துவிடும்.

இதற்கு வழி, உபாத்தியாயர் தினந்தோறும் கால்மணி நேரம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பதே. கதை சொல்லுவது வேறு, படிப்பது வேறு. சொல்லும்போது அவர் பேச்சு நடைக்கு இறங்கிவிடுவார். படிக்கும்போது அச்சிலுள்ளபடியே படிக்கவேண்டும். விளங்காத இடத்தில் நின்று, பேச்சு வழக்கில் ஒரு வார்த்தை கூறி, மீண்டும் அச்சுக்குத் திரும்பவேண்டும். பக்கத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் படத்தைக் காட்டவேண்டும். நரி கிணற்றில் விழுந்த இடத்தில் மணி அடித்துவிட்டதென்று புத்தகத்தை மூடிக் கொடியில் தொங்கவிட்டுப் போய்விடும் தந்திரம் தெரிந்த உபாத்தியாயருமுண்டு. அவர் திரும்பி வருவதற்குள் நரியைக் கிணற்றிலிருந்து எடுத்துவிட்ட பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்பார்கள்.

படித்தபின் கேள்வி கேட்பது பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் கதைச் சுருக்கம் எழுதி வா என்று கட்டளையிட்டால் கொடியும் பரீட்சை மண்டபமாகிவிடும். பிடித்ததா, யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டால் போதும்.

எழுத்துக்கு ஒரு காரணம்

எழுதுவதில் பிள்ளைக்கு வெறுப்பு உண்டாவதன் காரணம், அது எழுதுவதை உபாத்தியாயரின் சிவப்பு மையைத் தவிர வேறெவரும் பார்க்காமலிருப்பதே. புத்தகசாலை எழுத்துக்கு வேறு வாசகரைத் தருகிறது. முதற்காரியம், புத்தகம் எடுக்கும் பதிவேட்டைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தல். பெயர், புத்தகத்தின் பெயர், எடுத்த தேதி, கொடுத்த தேதி என்று நாலு கட்டம். எடுப்பவரே தம் கையால் எழுதவேண்டும். வாரத்துக்கு ஒருவராக முறை வைத்து, நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் காக்கவேண்டும். கோணலாக எழுதினால் அடுத்த வாரக் காரியஸ்தனுக்கு வாசிக்க முடியாது. அவன் வந்து சண்டை பிடிப்பான். எழுத்துத் திருந்துவதற்கு அந்தச் சண்டையைப்போன்ற ஆசிரியர் கிடைப்பதரிது. 'வள்ளி' என்பதை 'வல்லி' என்று பதிந்தால் புத்தகம் வேறொருத்தியின் கணக்கில் ஏறிவிடும். லகர ளகர பேதம் இலக்கணமன்று, நீதி என்று பிள்ளைகள் அன்றைக்கு அறிவார்கள்.

அடுத்தது, பிள்ளைகளே செய்யும் புத்தகம். பாட்டி சொன்ன கதை, ஊர் ஏரியின் பெயர் வந்த விதம், ஆட்டுக்கு நோய் வந்தால் வீட்டில் செய்யும் வைத்தியம் என இவற்றில் ஏதேனுமொன்றைச் சிறு பிள்ளை வாயால் சொல்ல, பெரிய பிள்ளை எழுத, இன்னொரு பிள்ளை படம் போட, நாலு தாளை மடித்து நடுவில் ஊசிநூலால் தைத்தால் பதினாறு பக்கப் புத்தகம். அதற்கு அட்டையும், எழுதியவர் பெயரும், பதிவேட்டில் எண்ணும் கொடுத்துக் கொடியில் தொங்கவிடவேண்டும். மற்ற புத்தகங்களைவிட அதைத்தான் முதலில் எடுப்பார்கள். மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துவது பழைய வழக்கம். அதற்கு மேற்கண்டவையே விஷயங்களாகும்.

கிழிந்த புத்தகத்தைச் சீர்செய்வதையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். மைதா மாவுப் பசையும், பழைய துணி நாடாவும், ஊசிநூலும் போதும். பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது புத்தகம் கட்டுவோர் வழக்கம். அது நஞ்சு, பள்ளியில் வேண்டாம். அலமாரித் தட்டில் வசம்புத் துண்டு வைத்து, சுவரைவிட்டு அரையடி தள்ளி நிறுத்திவைத்தால் போதும்.

வீட்டுக்குப் போகும் புத்தகம்

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு புத்தகம் வீட்டுக்குப் போகவேண்டும். எழுத்தறியாத தாயும் தகப்பனும் திண்ணையில் இருந்து, தங்கள் பிள்ளை படிப்பதைக் கேட்பது அவ்வீட்டுக்குப் பெரிய சம்பவம். ஆயினும் பெண்பிள்ளைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். பள்ளி விட்டதும் தண்ணீர் எடுப்பதும் தம்பியைத் தூக்குவதும் அவர்கள் பங்கில் வருகின்றன; வீட்டுக்குப் போன புத்தகம் பிரியாமலே திங்கட்கிழமை திரும்பி வரும். அதைச் சோம்பலென்று எண்ணலாகாது. அவர்களுக்காகவே பள்ளி நேரத்துக்குள் தினம் அரைமணி தனி வாசிப்புக்கு ஒதுக்கவேண்டும். தம்பி தங்கையை உடன் அழைத்து வந்தாலும் உட்கார அனுமதிக்கவேண்டும்.

புத்தகம் போதாத ஊருக்கு உதவி பக்கத்திலேயே உண்டு. 1948-ம் வருஷத்துச் சென்னைப் பொதுநூலகச் சட்டத்தின்படி ஊரார் வீட்டுவரியுடன் நூலக வரியும் செலுத்துகிறார்கள். அவ்வரியால் நடக்கும் ஊர்ப்புற நூலகத்துக்குப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை வரிசையாக அழைத்துப்போய், அங்கே உறுப்பினராகச் சேர்த்துவிடலாம்.

கோடை விடுமுறையில் கொடியை அவிழ்த்துப் பூட்டிவிடுவது வழக்கம். கற்றது கரைந்துபோவதும் அந்த மாதத்தில்தான். கடைசி வேலைநாளில் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு புத்தகங்களைப் பதிவேட்டில் எழுதி எடுத்துச் செல்லட்டும். மீதியை ஒரு பெட்டியிலிட்டு, தெருவில் பொதுவான ஒரு திண்ணையில், ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையின் பொறுப்பில் பதிவேட்டுடன் வைக்கவேண்டும். பள்ளி திறக்கும் நாளில் முதல் வேலை கயிற்றைக் கட்டுவது. இரண்டாவது, வராத புத்தகங்களின் பெயரை அந்தப் பிள்ளையைக்கொண்டே கரும்பலகையில் எழுதுவித்து, எவர் வீட்டில் எது இருக்கிறதென்று எல்லோருமாகத் தேடத் தொடங்குவது.