பெயரில் வந்த பிழை

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அம்மிட்டாயை விற்கும் கடை ஒன்று, வாடிக்கையாளர் பெயர்களை ஜாவா நிரல்வழித் தரவுத்தளத்தில் பதிவதாகக் கொள்வோம். முருகன், செல்வி ஆகிய பெயர்கள் தடையின்றிப் பதிவாகின்றன. தூத்துக்குடிக் கடற்கரையில் வழங்கும் போர்த்துக்கீசிய வழிப் பெயரான “டி'குரூஸ்” என்பதை உள்ளிட்டதும் தொடரியல் பிழை தோன்றுகிறது. காரணம் யாது?

எஸ்.க்யூ.எல். மொழியில் எழுத்துச்சரம் ஒற்றை மேற்கோள்குறிகளுக்குள் அமையும். பெயரிலுள்ள குறியையே சரத்தின் முடிவாகத் தரவுத்தளம் கொள்கிறது; எஞ்சிய “குரூஸ்” என்பது பொருளற்ற கட்டளையாகிறது. ஜாவா நிரல்பெயர்ப்பிக்கோ வினவல் முழுவதும் ஓர் எழுத்துச்சரமே. ஆதலால் நிரலை இயக்கும்போதுதான் பிழை வெளிப்படும். அப்போது, தரவுத்தளத்திற்குச் செல்லும் வினவலை அச்சிட்டுப் பார்த்தால் பிழையின் இடம் விளங்கும்.

பெயரை மாற்றி எழுதுமாறு வாடிக்கையாளரிடம் கூறுவது தீர்வாகாது. அவர் பெயரில் பிழையில்லை. பெயரையும் கட்டளையையும் ஒன்றாக ஒட்டியதே பிழை. இதே வழியில் தீயோர் தம் கட்டளைகளைப் புகுத்தித் தரவுகளைக் களவாடவும் அழிக்கவும் இயலும்.

ஆகவே, “பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்” முறையைக் கையாள வேண்டும். மதிப்பு வரவேண்டிய இடத்தில் வினாக்குறி இட்டு, “செட்ஸ்ட்ரிங்” செயற்கூறு வழியாகப் பெயரைத் தனியே அளித்தல் வேண்டும். அவ்வினாக்குறியைச் சுற்றி மேற்கோள்குறி இடலாகாது. இம்முறையில் எவர் பெயரும் அவர் எழுதியவாறே பதிவாகும்.