பதவி உயர்வும் பரீட்சைச் சலுகையும்

கிராமச் சாவடியில் மாலை வேளையில் நான்கு பேர் கூடினால், பேச்சு மழையில் தொடங்கி, விலைவாசியைத் தொட்டு, முடிவில் சர்க்கார் உத்தியோகத்தில் வந்து நிற்பது வழக்கம். “பரீட்சையில் தேறியவன் கீழே நிற்கிறான், தேறாதவன் மேலே போகிறான்” என்னும் குறையும் அப்பேச்சில் தவறாமல் எழும். இக்குறையில் மெய் எவ்வளவு, பிழையான எண்ணம் எவ்வளவு என்று ஆராய்ந்து தெளிதல், பல வகுப்பாரையும் ஒருங்கே அமர்த்தி ஊர்க் காரியம் நடத்தும் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு அவசியம் எனக் கருதுகிறோம்.

பதவிகளில் இட ஒதுக்கீடு என்பது வேறு. தகுதியில் சலுகை என்பது வேறு. நூறு இடங்களில் இத்தனை இடம் இன்னாருக்கு என ஒதுக்கி வைப்பது முன்னது. பரீட்சையில் பெற வேண்டிய மதிப்பெண்ணைச் சற்றுக் குறைப்பதும், தேறுவதற்குக் கூடுதலாகத் தவணை கொடுப்பதும் பின்னது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே சாவடிப் பேச்சில் பாதி வீண் போகிறது.

நமது அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு, உத்தியோகத்தில் அனைவருக்கும் சம வாய்ப்பு உண்டு எனக் கூறி, போதிய இடம் பெறாத பிற்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கீடு செய்யவும் அனுமதிக்கிறது. 335-வது பிரிவு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் உரிமைகளை நிர்வாகத் திறமைக்கு இசைந்த வகையில் கவனிக்கச் சொல்கிறது. ‘நிர்வாகத் திறமை’ என்னும் அச்சொல்லைச் சுற்றியே பின்வந்த வழக்குகள் யாவும் சுழன்றன. ஒதுக்கீடு முதல் நியமனத்துக்கு மட்டுமா, பதவி உயர்வுக்கும் உண்டா என்ற வினா, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னக ரயில்வேயின் ரங்காச்சாரி வழக்கில் எழுந்தது. பதவி உயர்வுக்கும் உண்டென்று 1961-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

சலுகையைப் பற்றிய பெரிய வழக்கோ அண்டை மாநிலமாகிய கேரளத்தில், குடியானவர் அனைவரும் நன்கறிந்த பத்திரப் பதிவு இலாகாவில் பிறந்தது. அங்குக் கீழ்நிலைக் குமாஸ்தா ஒருவர் மேல்நிலைக் குமாஸ்தாவாக வேண்டுமாயின், கணக்குப் பரீட்சை முதலிய இலாகாப் பரீட்சைகளில் தேற வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த குமாஸ்தாக்கள் பலர் இப்பரீட்சைகளைத் தாண்ட இயலாமல், ஆண்டுகள் பல கடந்தும் தொடங்கிய நாற்காலியிலேயே இருந்தனர். அவர்களுக்குப் பின் வந்தோர் தேறி மேலே சென்றனர். 1972 ஜனவரி 13-ல் கேரள அரசு ஒரு புது விதியை ஏற்படுத்தி, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இரண்டு ஆண்டுக் காலத்துக்குப் பரீட்சையிலிருந்து விலக்கு அளித்தது. 1974-ல் அத்தவணை மேலும் நீட்டப்பட்டது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரீட்சை ரத்து செய்யப்படவில்லை. உயர்வு பெற்றவர் பின்னர்த் தேறியே ஆக வேண்டும்; தவணை மட்டுமே தள்ளிப் போடப்பட்டது. விதைப்புக்குக் கடன் வாங்கியவருக்கு அறுவடை வரை தவணை கொடுப்பதைப் போன்றது இது. கடன் தள்ளுபடி அன்று.

எனினும் விளைவு பெரிதாக இருந்தது. 1972-ல் நிரப்பப்பட்ட 51 மேல்நிலை இடங்களில் 34 இடங்கள், பரீட்சையில் தேறாத தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குச் சென்றன. பரீட்சைகள் அனைத்திலும் தேறியிருந்த தாமஸ் என்னும் குமாஸ்தா வழக்குத் தொடுத்தார். அவருடைய மனத்தாங்கல் நியாயமற்றது என்று நாம் சொல்லோம். உழைத்துப் படித்துத் தேறியவர் எவரும் அந்நிலையில் அப்படித்தான் எண்ணுவார். ஹைகோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்து, விதியைச் செல்லாதென்றது.

சுப்ரீம் கோர்ட்டில் ஏழு நீதிபதிகள் கேட்டு, 1975 செப்டம்பர் 19-ல் ஐவர் விதி செல்லும் என்றனர். கன்னா, குப்தா ஆகிய இருவர் மறுத்தனர். தலைமை நீதிபதி ரே ஓராண்டுக் கணக்கை மட்டும் பாராமல் மாநில முழுமைக்கும் கணக்குப் பார்த்தார். கேரள மக்களில் ஏறத்தாழ பத்து விழுக்காடாக இருந்த இவ்வகுப்பினர், கெஜட் பதிவு பெற்ற 8,780 உத்தியோகங்களில் 184 இடங்களையே பெற்றிருந்தனர். மற்ற உத்தியோகங்கள் 1,62,784-ல் அவர்கள் வகித்தவை 11,437. மேலே செல்லச் செல்ல எண்ணிக்கை எவ்வாறு தேய்கிறதென்று பாருங்கள்! அந்த ஓராண்டில் 34 பேர் ஒருங்கே உயர்ந்ததற்குக் காரணமும் நெடுநாள் தேக்கமே. மடை திறந்த அன்று வாய்க்காலில் வெள்ளம் மிகுவது இயல்பு. சமமல்லாத நிலையில் இருப்போரைச் சமநிலைக்குக் கொணர அரசு வேறுபாடு காட்டுவது, சம வாய்ப்புக்கு விதிவிலக்கன்று, சம வாய்ப்பின் ஒரு பகுதியே என்பது பெரும்பான்மையோர் கருத்து.

அதன் பின் சட்டம் நேர்வழியில் செல்லவில்லை. 1992 நவம்பர் 16-ல், மண்டல் வழக்கு எனப்படும் இந்திரா சாஹ்னி வழக்கில், பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாதென்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் தீர்ப்பளித்தது. 1995-ல் 77-வது திருத்தம், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அவ்வொதுக்கீட்டை மீட்டது. ஆயினும் மதிப்பெண் சலுகை மீளவில்லை. 335-வது பிரிவின் திறமை என்னும் நிபந்தனை அதற்கு இடந்தராதென 1996-ல் சுப்ரீம் கோர்ட் கூற, 1997 ஜூலையில் மத்திய அரசு சலுகைகளை வாபஸ் பெற்றது. 2000-ல் 82-வது திருத்தம் அதே பிரிவில் ஒரு வாசகத்தைச் சேர்த்தது. அதன்படி, பதவி உயர்வு ஒதுக்கீட்டின் பொருட்டு, இவ்விரு வகுப்பினருக்கும் பரீட்சையில் தேறும் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். மதிப்பீட்டு அளவையும் தளர்த்தலாம். சலுகைகள் அவ்வாண்டு அக்டோபரில் மீண்டும் வந்தன. 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சரியான சட்டமன்று என 2014-ல் அரசியல் சட்ட ஆயமே கூறிவிட்டது. இடையில் சலுகையின்றிப் பரீட்சை எழுதியோரின் கதியை நினைத்தால், ஒரு வாசகத்துக்குள்ள வலிமை விளங்கும்.

சலுகையால் வேலை கெடாதா என்று அன்பர்கள் கேட்கலாம். அக்கவலை இழிவானதன்று, கிரயப் பத்திரத்தில் சர்வே எண் ஒன்று பிழைபட்டால் குடியானவன் கோர்ட் படி ஏற நேரும். ஆனால் பல ஆண்டுகள் அதே பதிவேடுகளைப் புரட்டி வந்தவருக்கு அலுவல் தெரியாதென்று ஒரு பரீட்சையை மட்டும் வைத்துத் தீர்மானிக்க இயலுமா? திறமையை மதிப்பெண்ணால் மட்டும் அளத்தல் தகாது, பல பிரிவினரும் பங்கு பெறுவதும் திறமையின் கூறே என்று 2019-ல் கர்நாடக மாநில வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் விளக்கியுள்ளது. தவணைக்குள் தேறுவதற்கு வேண்டிய பயிற்சியையும் இலாகா கொடுக்க வேண்டுமென்பது நம் எண்ணம். பயிற்சியில்லாச் சலுகை, தண்ணீர் விடாமல் நட்ட நாற்றுக்கு ஒப்பாகும்.

இச்சலுகை தானாக வருவதொன்றன்று. அரசு ‘செய்யலாம்’ என்றே சட்டம் சொல்கிறது. பதவி உயர்வில் ஒதுக்கீடு கேட்டு அரசைக் கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை என்று 2020 பிப்ரவரியில் உத்தராகண்ட் வழக்கில் தீர்ப்பாயிற்று. ஒதுக்கீடு செய்ய முற்படும் அரசு, போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதைக் கணக்குடன் காட்ட வேண்டுமென 2006-ல் நாகராஜ் வழக்கு விதித்தது. அக்கணக்கை இலாகா முழுமைக்கும் ஒன்றாகத் திரட்டாமல், அந்தந்தப் பதவி நிலைக்குத் தனித்தனியே எடுக்க வேண்டுமென்று 2022 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது. ஆகவே சலுகை கிடைக்கவில்லை என்று முறையிடும் குமாஸ்தாவாயினும், பிறருக்குக் கிடைத்ததென்று வருந்தும் குமாஸ்தாவாயினும், உறுப்பினர்களிடம் வரும்போது முதலில் கேட்டறிய வேண்டியவை, அவருடைய பதவி நிலையில் மொத்த இடங்கள் எத்தனை, அவற்றில் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் எத்தனை பேர், சலுகைக்கான அரசாணை எந்தத் தேதியிட்டது என்பனவே.