நிலாவின் பன்னிரண்டு நாணயங்கள்

நிலாவுக்குப் பதினொரு வயது. அவளுடைய தம்பி கவினுக்கு ஏழு வயது. அவர்கள் சிட்னியில் வசிக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மாவுடன் ஒரு சுற்றுலாக் கப்பலில் புறப்பட்டார்கள். அந்தக் கப்பல் பசிபிக் பெருங்கடலில் உள்ள இரண்டு துறைமுகங்களுக்குப் போகும். ஒன்று, நியூ கலிடோனியாவில் உள்ள நூமியா. மற்றது, வனுவாட்டு நாட்டில் உள்ள போர்ட் விலா.

புறப்படுவதற்கு முதல் நாள் நிலா தன் உண்டியலைத் திறந்தாள். உள்ளே பன்னிரண்டு நாணயங்கள் இருந்தன. எல்லாம் இரண்டு டொலர் நாணயங்கள். மொத்தம் 24 டொலர். அம்மம்மா இந்தப் பயணத்துக்கு வரவில்லை. அவருக்கு ஒரு பரிசு வாங்க வேண்டும், அதைத் தன் சொந்தக் காசில் வாங்க வேண்டும் என்று நிலா நினைத்தாள். நாணயங்களை ஒரு சிறிய பையில் போட்டுக்கொண்டாள்.

கப்பலில்

கப்பலில் ஏறியதும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். அறைக் கதவைத் திறக்கவும் அந்த அட்டைதான். கடையில் பொருள் வாங்கவும் அந்த அட்டைதான்.

கவின் அட்டையைக் காட்டி ஒரு பழச்சாறு வாங்கினான்.

"அக்கா, இங்க எல்லாம் சும்மா தருகினம்! காசே கேக்கேல்லை!" என்றான்.

அப்பா சிரித்தார். "சும்மா இல்லை, கவின். நீ அட்டையைக் காட்டின உடனே கணக்கில ஏறிட்டுது. பயணம் முடியேக்க எல்லாத்துக்கும் சேர்த்து நான்தான் கட்டவேணும்."

"எவ்வளவு எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று நிலா கேட்டாள்.

"ஒவ்வொரு நாளும் கணக்கைக் கேட்டுப் பார்க்கலாம். எங்கட கப்பலில அவுஸ்திரேலிய டொலரில கணக்கு. சில கப்பலில அமெரிக்க டொலரில இருக்கும். பேர் ஒண்டுதான், ஆனா மதிப்பு வேற. அதாலதான் நான் முதலே கேட்டுவச்சனான்."

நூமியாவில்

சில நாள்களுக்குப் பிறகு கப்பல் நூமியாவை அடைந்தது. நியூ கலிடோனியா பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டது.

"பிரான்சில யூரோதானே? அப்ப இங்கயும் யூரோவா?" என்று நிலா கேட்டாள்.

"இல்லை. இங்க பசிபிக் பிராங்" என்றார் அம்மா. "தகித்தித் தீவிலயும் இந்தக் காசுதான். ஆனா யூரோவோட இதுக்கு ஒரு தொடர்பு இருக்கு. 1000 பிராங் எண்டா 8.38 யூரோ. அது மாறாது. எங்கட டொலருக்கு எத்தனை பிராங் எண்டது மட்டும் நாளுக்கு நாள் மாறும்."

அவர்கள் ஒரு வெதுப்பகத்துக்குப் போனார்கள். பாணும் கோப்பியும் வாங்கினார்கள். விலை 700 பிராங்.

"எழுநூறா!" என்று கவின் கண்களை அகலத் திறந்தான்.

"எண்ணைப் பார்த்துப் பயப்பிடாத" என்றார் அம்மா. "ஒரு டொலருக்கு ஏறத்தாழ 70 பிராங் எண்டு வச்சுக்கொள். அப்ப 700 பிராங் எத்தனை டொலர்?"

கவின் விரல்களை மடக்கி எண்ணினான். "பத்து டொலர்!"

அப்பா வங்கி அட்டையை இயந்திரத்தில் வைத்தார். திரையில் ஒரு கேள்வி வந்தது. டொலரில் கட்டுவதா, பிராங்கில் கட்டுவதா? அப்பா பிராங்கைத் தெரிவு செய்தார்.

"ஏன் அப்பா? டொலர் எண்டா எங்களுக்கு விளங்கும்தானே?" என்றாள் நிலா.

"விளங்கும். ஆனா டொலரைத் தெரிவு செய்தா, எந்தக் கணக்கில மாத்துறது எண்டதை இந்த இயந்திரத்தை நடத்துற ஆக்கள் முடிவு செய்வினம். பெரும்பாலும் கூடுதலாத்தான் எடுப்பினம். எந்த ஊருக்குப் போறமோ, அந்த ஊர்க் காசிலயே கட்டுறது நல்லது."

போர்ட் விலாவில்

அடுத்த துறைமுகம் போர்ட் விலா. அது வனுவாட்டுவின் தலைநகரம். வனுவாட்டு 1980ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. 1982இல் தனக்கென்று ஒரு பணத்தை வெளியிட்டது. அதன் பெயர் வாட்டு.

"வாத்தா?" என்று கேட்டான் கவின்.

"வாத்து இல்லையடா, வாட்டு!" என்று நிலா சிரித்தாள்.

வாட்டு என்றால் அந்த நாட்டு மொழிகள் பலவற்றில் கல் என்று பொருள். டொலருக்குச் சதம் உண்டு. வாட்டுவுக்குச் சதம் இல்லை.

நகரத்துக்குள் நடந்தபோது நாணயம் மாற்றும் கடை ஒன்றைக் கண்டார்கள். வாசலில் ஒரு பலகை இருந்தது. அவுஸ்திரேலிய டொலருக்கு நேரே இரண்டு எண்கள் எழுதப்பட்டிருந்தன: 75, 80. நிலா அவற்றை மனதில் வைத்துக்கொண்டாள்.

சந்தையில் பெண்கள் பழங்களும் கைப்பைகளும் விற்றார்கள். கைப்பைகள் தாழை ஓலையால் பின்னப்பட்டவை. ஒரு பையை நிலா கையில் எடுத்தாள். அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தபோது பனையோலையில் பெட்டி பின்னுவார். இந்தப் பின்னலைப் பார்த்தால் அவர் எவ்வளவு மகிழ்வார்!

பையில் ஒரு சிறிய அட்டை தொங்கியது. அதில் "1500 வாட்டு அல்லது 25 டொலர்" என்று எழுதியிருந்தது.

நிலாவின் முகம் வாடியது. "அம்மா, என்னட்ட 24 டொலர்தான் இருக்கு."

"ஒரு டொலர்தானே! குறைச்சுக் கேளுங்கோ, அக்கா" என்றான் கவின்.

"இங்க பேரம் பேசுற வழக்கம் இல்லை" என்றார் அம்மா. "அதோட, நிலா, உன்னட்ட இருக்கிறது எல்லாம் நாணயம். வேற நாட்டுத் தாள் காசை வங்கியில மாத்தலாம். நாணயத்தைப் பொதுவா மாத்த மாட்டினம். நீ குடுத்தா அது அவவின்ர பெட்டிக்குள்ளயே கிடக்கும். அவ அதை வச்சு என்ன வாங்குறது?"

நிலா அதை நினைத்துப் பார்க்கவில்லை. தன் கையில் காசாக இருப்பது அந்தப் பெண்ணின் கையில் வெறும் உலோகமாகிவிடும்.

அவள் அட்டையை மறுபடியும் பார்த்தாள். 1500 வாட்டு. கடைப் பலகையில் கண்ட எண் நினைவுக்கு வந்தது. ஒரு டொலருக்கு 75 வாட்டு. 1500ஐ 75ஆல் வகுத்தாள்.

"அம்மா! வாட்டுவில குடுத்தா 20 டொலர்தான்!"

"அப்ப இவ எங்களை ஏமாத்துறாவா?" என்று கவின் மெல்லக் கேட்டான்.

"இல்லை, கவின். டொலரை வாங்கினா அவ அதை மாத்தப் போகவேணும். வரிசையில நிக்கவேணும். அண்டைக்கு டொலரின்ர மதிப்பு குறைஞ்சா அவவுக்குத்தான் நட்டம். அதுக்குத்தான் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கிறா."

நிலா சிறிது நேரம் யோசித்தாள். பிறகு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, இந்த நாணயம் இங்க உதவாது. ஆனா சிட்னிக்குப் போனதும் உங்களுக்கு உதவும். பத்து நாணயத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு இருபது டொலர்த் தாள் தாங்கோ."

"நல்ல யோசனை!" என்று அப்பா தாளை எடுத்துக் கொடுத்தார்.

"நான் திரும்பி வருவேன். அதுவரை இந்தப் பையை வைத்திருப்பீர்களா?" என்று நிலா அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் தலையசைத்து, பையை ஒரு பக்கமாக எடுத்து வைத்தார்.

கடையில் வரிசை நீளமாக இருந்தது. நான்கு மணிக்கு எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். நிலா அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"அப்பா, ஐம்பது டொலரா மாத்துவமே? மிச்சம் இருந்தா திருப்பி மாத்தலாம்தானே?" என்றான் கவின்.

அப்பா பலகையைக் காட்டினார். "அந்த ரெண்டு எண்ணையும் பார். நாங்கள் ஒரு டொலர் குடுத்தா 75 வாட்டு தருவினம். எங்களுக்கு ஒரு டொலர் திருப்பி வேணுமெண்டா 80 வாட்டு கேப்பினம். இருபது டொலருக்கு 1500 வாட்டு. அதையே திருப்பி மாத்தினா 18 டொலர் 75 சதம்தான் வரும். அதால தேவையான அளவுதான் மாத்தவேணும்."

நிலா தாளைக் கொடுத்தாள். மூன்று 500 வாட்டுத் தாள்கள் கிடைத்தன. அங்கேயே நின்று எண்ணிப் பார்த்தாள். பிறகுதான் நகர்ந்தாள்.

சந்தையில் பை அப்படியே இருந்தது. நிலா மூன்று தாள்களையும் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "இந்தக் காசில் இப்போதே வீட்டுக்கு அரிசி வாங்கலாம்" என்றார். பிறகு தன் பிஸ்லாமா மொழியில் "தாங்கியூ துமாஸ்" என்று சொன்னார். மிக்க நன்றி என்பது அதன் பொருள்.

"தாங்கியூ துமாஸ்!" என்று நிலாவும் கவினும் சொன்னார்கள்.

நான்கு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அவர்கள் கப்பலில் ஏறினார்கள். நிலாவின் ஒரு கையில் தாழைப் பை. சட்டைப் பையில் இரண்டு நாணயங்கள் கிலுங்கின.

நினைவில் வைப்போம்

1. கப்பலில் எந்த நாட்டுப் பணத்தில் கணக்கு வைப்பார்கள் என்று முதலிலேயே கேட்க வேண்டும்.
2. துறைமுகத்தில் பொருள் வாங்கும் முன் விலையை நம் பணத்தில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.
3. அட்டை இயந்திரம் கேட்டால் அந்த ஊர்ப் பணத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.
4. வெளிநாட்டுக்கு நாணயங்களை அல்ல, தாள் காசைக் கொண்டு போக வேண்டும்.
5. தேவையான அளவு மட்டும் மாற்ற வேண்டும். வாங்கியதை அங்கேயே எண்ண வேண்டும்.

(பணத்தின் மதிப்பு நாள்தோறும் மாறும். டொலருக்கு இந்தப் பாடத்தில் உள்ள எண்கள் கணக்குப் பழகுவதற்காக.)

சொற்பொருள்

துறைமுகம் – கப்பல்கள் வந்து நிற்கும் இடம்
உண்டியல் – காசு சேர்க்கும் பெட்டி
வெதுப்பகம் – பாண் செய்து விற்கும் கடை
தாழை – நீண்ட இலைகள் உள்ள ஒரு செடி
பேரம் பேசுதல் – விலையைக் குறைத்துக் கேட்டல்
நட்டம் – இழப்பு

பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும்

என்னட்ட – என்னிடம்
எங்கட – எங்களுடைய
எண்டு – என்று
தாங்கோ – தாருங்கள்
மாத்தலாம் – மாற்றலாம்
கேக்கேல்லை – கேட்கவில்லை

பாடத்திலிருந்து இன்னும் நான்கு பேச்சுச் சொற்களைக் கண்டுபிடித்து, அவற்றை எழுத்துத் தமிழில் எழுதுக.

விடை எழுதுக

1. நிலா ஏன் தன் சொந்தக் காசைக் கொண்டு போனாள்?
2. கப்பலில் எல்லாம் சும்மா கிடைக்கிறது என்று கவின் ஏன் நினைத்தான்?
3. பைக்கு டொலரில் ஏன் கூடிய விலை போட்டிருந்தது?
4. நாணயங்களை மாற்ற முடியாதபோது நிலா என்ன செய்தாள்?

கணக்குப் பார்ப்போம்

1. ஒரு டொலருக்கு 75 வாட்டு என்றால், 300 வாட்டு விலையுள்ள இளநீர் எத்தனை டொலர்?
2. கவின் 10 டொலரை மாற்றினால் எத்தனை வாட்டு கிடைக்கும்? அதில் இரண்டு இளநீர் வாங்கினால் மிச்சம் எவ்வளவு?

பேசிப் பழகுவோம்

ஒருவர் சந்தையில் பொருள் விற்பவர். மற்றவர் கப்பலில் வந்த பயணி. "இது என்ன விலை?", "எந்தக் காசு வேணும்?", "மிச்சக் காசு தாங்கோ" ஆகியவற்றைப் பயன்படுத்தி, உங்கள் நண்பருடன் தமிழில் உரையாடுக.