லிமிட்டைக் குறைச்சா சிபில் ஸ்கோர் ஏறுமா? ஒரு சின்ன லேப் கணக்கு

கிரெடிட் கார்டுல 60,000 ரூபா லிமிட் இருக்கு. "நமக்கு எதுக்கு அவ்வளவு, 20,000 போதும்"னு பேங்குக்குச் சொல்லிக் குறைச்சுக்கிட்டா, பொறுப்பான ஆளுன்னு சிபில் ஸ்கோர் ஏறுமா? ஹாஸ்டல்ல இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் "கண்டிப்பா ஏறும்"னுதான் சொல்வாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா கணக்குப் போட்டா திசை தலைகீழா வருது. ஏன்னு பார்ப்போம். அதை நாமளே எப்படி டெஸ்ட் பண்றதுன்னும் பார்ப்போம்.

"எனக்குக் கார்டே இல்ல, இது எனக்கெதுக்கு"ன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. எஜுகேஷன் லோன்ல படிக்கிறவங்க பேர்ல ரிப்போர்ட் ஏற்கெனவே ஓடிட்டிருக்கு. கூடக் கையெழுத்துப் போட்ட அப்பா, அம்மா பேர்லயும் அதே லோன் ஏறியிருக்கும். 2025ல சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஸ்டேட் பேங்க்ல ஆபீசர் வேலைக்குத் தேர்வான ஒருத்தரோட அப்பாயின்ட்மென்ட், அவரோட சிபில் ரிப்போர்ட்ல இருந்த மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ரத்தாச்சு. பேங்க் செஞ்சது சரின்னு கோர்ட் சொல்லிடுச்சு. அங்க பிரச்சினை லிமிட் இல்ல, கட்டாத கடன். இருந்தாலும் பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிற நம்ம செட்டுல நிறையப் பேருக்கு இந்த ரிப்போர்ட் மார்க் ஷீட் மாதிரி ஆகிப்போச்சு.

இந்தியாவுல கிரெடிட் ஸ்கோர் போடுற கம்பெனிகள் நாலு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். 2000ல ஆரம்பிச்ச சிபில்தான் மூத்தது. அதனாலதான் ஜெராக்ஸ் மாதிரி பேரே பொதுப் பேராகிடுச்சு. 2005ல வந்த சட்டத்துக்குக் கீழ, ரிசர்வ் பேங்க் கண்காணிப்புல இவங்க இயங்குறாங்க. ஸ்கோர் 300ல இருந்து 900 வரைக்கும். முழு ஃபார்முலாவை யாரும் வெளிய விடறதில்ல. எதையெல்லாம் பார்க்கிறோம்னு மட்டும் சொல்றாங்க: தவணையை ஒழுங்கா கட்டுனீங்களா, இருக்கிற லிமிட்ல எவ்வளவு பயன்படுத்துறீங்க, கணக்கு எத்தனை வருஷம் பழசு, என்ன வகைக் கடன், புதுசா எத்தனை இடத்துல லோன் கேட்டீங்க. உங்க சம்பளமோ சேவிங்ஸ் பேலன்ஸோ இதுல கிடையாது.

நம்ம ஏரியாவுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு சொல்றேன். காளப்பநாயக்கன்பட்டி மளிகைக் கடை நோட்டுல 20 வருஷமா பாக்கி வைக்காம கட்டுன மனுஷனுக்கு சிபில்ல ஒரு மார்க்கும் ஏறாது. அந்த நோட்டு அங்க போகவே போகாது. ஆனா அம்மா குழுவுல சேர்ந்து மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனியில வாங்குன கடன் போகும். ஊருக்கே தெரிஞ்ச நாணயம் வேற, கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்ச நாணயம் வேற. எனக்கு இது நியாயமாப் படல, ஆனா சிஸ்டம் இப்படித்தான் இருக்கு.

இப்ப மெயின் விஷயம். எவ்வளவு பயன்படுத்துறீங்கங்கிறது ஒரு ரேஷியோ. மேல பாக்கி, கீழ லிமிட். மாசம் 12,000 செலவு, லிமிட் 60,000னா 20%. அதே செலவு, லிமிட் 20,000னா 60%. நீங்க ஒரு ரூபா கூட அதிகமா செலவு பண்ணல. ஆனா டினாமினேட்டர் சுருங்கினதால நம்பர் மூணு மடங்கு ஆயிடுச்சு. குச்சிக்கிழங்கு மூட்டையை லாரியில ஏத்துனா பாதி கூட நிறையாது, அதையே டாட்டா ஏஸ்ல ஏத்துனா மலை மாதிரி தெரியும். லோடு அதேதான். தூரத்துல இருந்து பாக்குறவனுக்கு "ஓவர்லோடு"னுதான் படும். 30%க்குள்ள வைங்கன்னு எல்லாரும் சொல்றது ஒரு தோராயக் கணக்குதான், 31 ஆனதும் இடி விழாது. 20ல இருந்து 60க்குப் போறது மட்டும் சின்ன விஷயமில்ல.

லிமிட் ஏன் குறைஞ்சதுன்னு உங்க ரிப்போர்ட்ல ஒரு வரி கூட இருக்காது. நீங்களா கேட்டுக் குறைச்சதா, பேங்க் பயந்து குறைச்சதா? ரெண்டும் அங்க ஒரே நம்பர்தான்.

"நான் மாசாமாசம் முழுசா கட்டிடுறேனே, எனக்கு ஏன் 60%?" நல்ல கேள்வி. பேங்க் தகவல் அனுப்புற அன்னைக்கு அதோட ரெக்கார்டுல என்ன பாக்கி இருக்கோ அதுதான் போகும். 2025 ஜனவரி 1ல இருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி மாசத்துக்கு ரெண்டு தடவையாவது நிலவரம் போகணும். நீங்க டியூ டேட்ல கட்டுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்தாச்சு.

சரி, டெஸ்ட். லிமிட்டைக் குறைச்சுட்டு மறுநாள் ஆப்பைத் திறந்து பாக்குறது டெஸ்ட் இல்ல. ஒரே ஒரு வேரியபிளைத்தான் மாத்தணும். செலவு ரெண்டு மூணு மாசம் கிட்டத்தட்ட ஒரே அளவுல இருக்கணும். நடுவுல புது லோன், புதுக் கார்டு, பை நவ் பே லேட்டர் எதுக்கும் அப்ளை பண்ணக் கூடாது, ஏன்னா அந்த என்கொயரியே ஸ்கோரை அசைக்கும். நீங்களே உங்க ஸ்கோரைப் பாக்குறதால குறையாது, பயப்படாதீங்க. முக்கியமா ஒரே பீரோவோட ஸ்கோரைப் பாருங்க. ஒரு ஆப் எக்ஸ்பீரியன் நம்பர் காட்டும், இன்னொண்ணு சிபில் நம்பர் காட்டும். ரெண்டையும் கழிச்சுப் பாக்குறது செல்சியஸ்ல இருந்து ஃபாரன்ஹீட்டைக் கழிக்கிற மாதிரி. அப்புறம் மாத்துனதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டு வந்து, ஸ்கோரும் திரும்புதான்னு பார்க்கணும். அது திரும்பலைன்னா ஏறினதுக்கோ இறங்கினதுக்கோ காரணம் வேற.

இங்கதான் சிக்கல். லிமிட்டைக் குறைக்கிறது சுலபம், திரும்ப ஏத்துறது பேங்க் கையில. உங்க சம்மதம் இல்லாம அவங்க லிமிட்டை ஏத்தக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி சொல்லுது. நீங்க கேட்டா ஏத்தியே ஆகணும்னு எந்த விதியும் இல்ல. சேலரி ஸ்லிப் கேட்பாங்க, ஃபைனல் இயர்ல எங்க போறது? கொல்லிமலைக்கு ஏறுறப்போ 70 கொண்டை ஊசி வளைவையும் பாதியில நின்னு ரிவர்ஸ் எடுக்க முடியாதில்ல, அப்படித்தான்.

அதனால டினாமினேட்டரைத் தொடாதீங்க, நியூமரேட்டரை மாத்துங்க. ரேஷியோவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உதாரணத்துக்கு லிமிட் 20,000, செலவு 12,000. முதல் மாசம் வழக்கம் போல டியூ டேட்ல கட்டுங்க: 60%. அடுத்த மாசம் ஸ்டேட்மென்ட் வர்றதுக்கு முன்னாடியே 10,000 கட்டிடுங்க, மிச்சம் 2,000 மட்டும் ஸ்டேட்மென்ட்ல வரும்: 10%. மூணாவது மாசம் பழையபடி. டியூ டேட்டுக்குள்ள முழுசா கட்டுற வரைக்கும் எந்த மாசமும் வட்டி வராது. கையில இருக்கிற லிமிட்டும் போகாது. எஃப்டி வெச்சு வாங்குன கார்டுக்கும் இது பொருந்தும்.

லிமிட்டைக் குறைக்க நினைக்கிறவங்கள்ல நிறையப் பேருக்கு நிஜக் காரணம் ஸ்கோர் இல்ல, பயம். வீட்டுல ஒரு போன், அதுல ஓடிபி, யாராவது ஏமாத்திடுவாங்களோன்னு. அதுக்கு வேற வழி இருக்கு. 2020 அக்டோபர்ல இருந்து எல்லாக் கார்டுலயும் ஆன்லைன், வெளிநாடு, டேப் பண்றதுன்னு தனித்தனியா ஆஃப் பண்ணவும், ஒவ்வொண்ணுக்கும் உச்சத் தொகை வைக்கவும் வசதி இருக்கணும்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு இருக்கு. ஆன்லைனுக்கு 2,000னு வெச்சுட்டா கிரெடிட் லிமிட் 60,000ஆவே இருக்கும், ரேஷியோவும் அசையாது.

கை அடங்கவே மாட்டேங்குது, ரூபே கார்டை யூபிஐல இணைச்சு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில இருந்து ஸ்கேன் பண்ணிட்டே இருக்கீங்கன்னா, அப்ப லிமிட்டைக் குறைங்க. ஸ்கோர் போனாப் போகட்டும். பாக்கியைக் குறைச்சா ரேஷியோ சரியாகிடும். மாசம் 3.5% வட்டியில 12,000 நின்னா முதல் மாசமே 420 ரூபா, அது திரும்பி வராது.

டெஸ்ட்டுக்கு முன்னாடி முழு ரிப்போர்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒண்ணு இலவசமாத் தரணும். அதுல டிபிடின்னு மாசவாரியா கட்டம் கட்டமா இருக்கும், 000ன்னா லேட் இல்லாம கட்டியிருக்கீங்கன்னு அர்த்தம். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத லோனோ, அடைச்ச பிறகும் பாக்கி காட்டுற கணக்கோ இருந்தா ஆன்லைன்லயே புகார் போடலாம். 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா, அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா உங்களுக்குத் தரணும்.