திருவனந்தபுரத்தில் வீடு தேடுவோருக்கு

பணி மாறுதல் பெற்றோ, பிள்ளைகளின் வேலையை ஒட்டியோ திருவனந்தபுரத்திற்குக் குடிவரும் தமிழ் அன்பர்கள் நம் சங்கத்தில் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்?" என்பதுதான். கரமனையில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன் என்பதால் இக்கேள்வி பெரும்பாலும் என்னிடம் வந்து சேரும். பலருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இந்நகரில் தமிழர் எங்கே வாழ்கின்றனர், ஏன் அங்கே வாழ்கின்றனர் என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. அந்தப் பத்மநாபபுரம் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. கோயிற்பணி, அரண்மனைப்பணி, வாணிகம் ஆகியவற்றுக்காகத் தெற்கேயிருந்து வந்த நம்மவர், வந்த வழியிலேயே குடியேறினர். நாகர்கோவில் சாலையில் நகருக்குள் நுழைந்தால் கரமனை, கிள்ளிப்பாலம், வலியசாலை, அரியசாலை, சாலைக் கடைத்தெரு, கோட்டையகம் என்று வரிசையாகத் தமிழ் காதில் விழுவது இதனால்தான். சாலைச் சந்தையை நிறுவியவர் திவான் ராஜா கேசவதாஸ். இன்றும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இவ்வழியாகத்தான் ஆண்டுதோறும் எழுந்தருளுகின்றனர்.

ஆனால் வேலை வாய்ப்புகள் வளர்ந்தது பெரும்பாலும் வடக்குத் திசையில். 1951இல் மருத்துவக் கல்லூரி, 1963இல் தும்பாவில் முதல் ராக்கெட், 1990இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்று அவ்வளர்ச்சி தொடர்ந்தது. தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து டெக்னோபார்க் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஆகவே புதிதாக வருபவர் முன் நிற்கும் கேள்வி இதுதான்: தமிழ் பேசும் தெருவா, அலுவலகத்தின் அருகாமையா?

இதற்கு நான் சொல்லும் விடை எளிது. சம்பாதிப்பவரின் வசதியை மட்டும் பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போகிறவர் யாரோ அவரைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். மகனுக்கும் மருமகளுக்கும் டெக்னோபார்க்கில் வேலை. உடன் வயதான தாய் தந்தையர். கழக்கூட்டத்தில் எட்டாவது மாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் தறுவாயில் என்னிடம் வந்தார்கள். ஒரு தாளில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, ஒரு நாளில் விழித்திருக்கும் நேரத்தில் எத்தனை மணி நேரம் வீட்டில் இருப்பார் என்று எதிரே எழுதச் சொன்னேன். மகனுக்கு நான்கு மணி, தாயாருக்குப் பதினைந்து மணி. அந்த அம்மாளுக்கு மலையாளம் தெரியாது. கோயிலும் காய்கறிக் கடையும் நடந்து செல்லும் தொலைவில் வேண்டும். கணக்கைப் பார்த்த மகன் கரமனையில் வீடு எடுத்தார். தம்பானூரிலிருந்து கழக்கூட்டத்தில் நிற்கும் ரயில் பிடித்து வேலைக்குப் போகிறார். அலைச்சல் அவருக்குத்தான். ஆனால் அம்மாளுக்கு மாலையில் பேச நாலு பேர் இருக்கிறார்கள்.

எல்லாருக்கும் தெற்கே போகச் சொல்வதாக எண்ண வேண்டாம். கைக்குழந்தையுடன் வந்த இளம் தம்பதியருக்கு நான் கழக்கூட்டத்தையே சொன்னேன். குழந்தைக் காப்பகத்திலிருந்து அழைப்பு வந்தால் பத்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டுமல்லவா? அதுபோல் புற்றுநோய் மையத்திலோ ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலோ நீண்ட சிகிச்சைக்கு வருவோர், அவை இரண்டும் அமைந்துள்ள மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டியே தங்குவது நல்லது. நோயாளிக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் பாரம்.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் கேரளப் பள்ளிகளில் மலையாளம் கற்பிப்பதைக் கட்டாயமாக்கியுள்ளது. தமிழ்த் தெருவிலேயே வளரும் பிள்ளைக்கு மலையாளம் மெதுவாக வரும். மலையாளிகளிடையே வளரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து மறந்துபோகும். எங்கே குடியிருந்தாலும், தெரு சொல்லித்தராத மொழியை வீடு சொல்லித்தர வேண்டும்.

பகுதியை முடிவு செய்தபின் வீட்டைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, மழை. இந்நகருக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் உண்டு. வீட்டுக்காரர் "பக்கத்தில் தோடு இருக்கிறது" என்றால் காதணி என்று எண்ணிவிடாதீர்கள். மலையாளத்தில் தோடு என்றால் ஓடை. 'ஏலா' என்று வழங்கும் இடம் முன்பு வயலாக இருந்த தாழ்நிலம். 2023 அக்டோபர் பெருமழையில் கண்ணம்மூலை, கௌரீசபட்டம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தெற்றியாறு பெருகி டெக்னோபார்க் சுற்றுப்புறமும் மூழ்கியது. வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல், தெருமுனைக் கடைக்காரரிடம் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் உள்ள கறையும் சொல்லும்.

இரண்டாவது, குடிநீர். நகருக்குக் குழாய்நீர் வருவது கரமனையாற்றில் உள்ள அருவிக்கரையிலிருந்து. குழாய் பழுதானால் மேட்டுப் பகுதிகளுக்கு நீர் ஏறி வரத் தாமதமாகும். ஆகவே கிணறு உண்டா, கோடையில் வற்றுமா என்று விசாரியுங்கள். வெள்ளம் ஏறாத மேடும் வற்றாத கிணறும் ஒருங்கே அமைந்தால் வாடகை சற்றுக் கூடினாலும் பேசி முடிக்கலாம்.

மூன்றாவது, ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கான வாடகை ஒப்பந்தத்தை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அதனால்தான் 11 மாத ஒப்பந்தம் வழக்கத்தில் உள்ளது. அது முடிந்தபின் புதுப்பிப்பது எப்படி, வாடகை எவ்வளவு உயரும், முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் ஆகிய மூன்றையும் வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். மாநகராட்சியின் டி.சி. எண் அதில் சரியாக உள்ளதா என்றும் பாருங்கள். எரிவாயு இணைப்பு முதலியவற்றுக்கு முகவரிச் சான்றாக இந்த ஒப்பந்தத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

நான்காவது, திருவிழா நாட்கள். கோட்டை, மணக்காடு, கிள்ளிப்பாலம் வட்டாரங்களில் ஆற்றுகால் பொங்கலன்று தெருவெல்லாம் அடுப்புகளாகிவிடும், வண்டி நகராது. பொங்கலிடுவோருக்கு அது பெரும்பேறு. நெஞ்சுவலிக்காரர் உள்ள வீட்டில் அன்றைக்கு என்ன ஏற்பாடு என்று முன்னரே யோசித்து வைப்பது நல்லது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்குமுன் வீட்டில் அதிக நேரம் இருக்கப்போகிறவரை ஒரு வேலைநாளில் அங்கே அழைத்துச் சென்று, காலை பத்து மணிக்கு அந்தத் தெருவில் அவரை நடக்கவிட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லாத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். வெளியில் ஆள்நடமாட்டம் உண்டா, பால்கடைக்குப் போக எந்தச் சாலையைக் கடக்க வேண்டும், எதிர்வீட்டார் முகம் கொடுத்துப் பேசுகிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அவர் "சரி" என்று சொன்னபின் நீங்கள் முன்பணம் கொடுக்கலாம்.